குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள்: ஓர் அனுபவப் பாடம்

மார்கழி என்றால் நம் ஊரில் வாசல் கோலமும் பூசணிப் பூவும் நினைவுக்கு வரும். தலைநகருக்குக் குடிவந்த நமக்கோ இரண்டு ஸ்வெட்டர், ஒரு ரஜாய், காலையில் கிளம்ப மறுக்கும் வண்டி ஆகிய மூன்றும்தான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு டிசம்பரிலும் சங்க நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும் அன்பர்கள், வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று, "உங்க வண்டி காலையிலே உடனே கிளம்புதா சார்?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். அந்த அன்பர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

நான் இன்ஜினீயர் அல்ல. மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் தில்லியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருசக்கர வண்டி ஓட்டியிருக்கிறேன். அதில் ஒரே ஒரு காலை வேளை எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம், வேறு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அதைச் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருகிறேன்.

2006 ஜனவரி 8

அன்று மார்கழியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் அன்று பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 0.2 டிகிரி. 1935 ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 0.6 டிகிரி வரை இறங்கியதற்குப் பிறகு, தில்லி அத்தகைய குளிரை அபூர்வமாகவே கண்டிருந்தது. இந்தக் கணக்கெல்லாம் மறுநாள் பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அன்று அதிகாலை எனக்குத் தெரிந்ததெல்லாம், வேப்ப மரத்தடியில் நின்ற என் 100 சி.சி. வண்டியின் இருக்கை மீது, யாரோ உப்பைத் தூவிவிட்டுப் போனது போல வெள்ளையாகப் பனி படிந்திருந்தது என்பதுதான்.

என் மாமனார் சென்னையிலிருந்து வரும் ரயிலில் வந்துகொண்டிருந்தார். தனியாக வருகிறார், இந்தி தெரியாது, அதுவே அவருக்கு முதல் தில்லிக் குளிர். ஸ்டேஷனில் அவரைக் காக்க வைக்கக் கூடாது என்ற பதற்றத்தில் ஐந்து மணிக்கே வண்டியருகில் போய் நின்றேன். சோக்கை முழுவதும் இழுத்தேன். ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே செல்ஃப் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். முதலில் முனகியது. பிறகு இருமியது. கடைசியில் 'டிக் டிக்' என்ற ஓசை மட்டும் வந்தது. அதன் பிறகு உதைக்க ஆரம்பித்தேன். நாற்பது உதை வரை எண்ணினேன்; அதற்கு மேல் எண்ணவில்லை.

குளிரில் நிற்பதால்தான் கிளம்பவில்லை என்று எண்ணி, தரைத்தளத்தில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸின் வராந்தாவுக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். நம்மில் பலரைப் போல நானும் அந்த வராந்தாவைக் கண்ணாடி ஜன்னல் போட்டு அடைத்து வைத்திருந்தேன். அரை மணி கழித்து மறுபடி உதைத்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்க வேண்டாம். மறுபடி நின்றுவிடுமோ என்ற பயத்தில், சோக்கைத் தள்ளாமலேயே வண்டியை ஓட விட்டுவிட்டு, உடை மாற்றிக்கொள்ள உள்ளே போனேன். குளிர் காற்று புகாமல் இருக்க ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. வராந்தாவை ஒட்டிய அறையில் ஏழு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இடையில் இருந்த கதவு ஒருக்களித்திருந்தது.

ஷேவ் செய்து, உடை மாற்றி, சால்வையைத் தேடி எடுக்கக் கால் மணிக்கு மேல் ஆயிற்று. அப்போது குழந்தை எழுந்து வந்து, "அப்பா, தலை ரொம்ப வலிக்குது" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் வாந்தி எடுத்தாள். அவளைப் பிடிக்க ஓடி வந்த என் மனைவி, "என்னங்க, எனக்கும் தலை சுத்துது" என்று சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றே நான் நினைத்தேன். சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த கேரளத்து அம்மாள் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவர் உள்ளே கால் வைத்த உடனே செய்தது, வண்டியின் சாவியைத் திருப்பி அணைத்ததுதான். அடுத்து ஜன்னல்களைத் திறந்தார். எங்கள் மூவரையும் வெளியே இழுத்துக்கொண்டு வந்து அந்தக் குளிரிலேயே நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் மருத்துவமனைக்குப் போனோம். குழந்தைக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். மதியம் அவள் எழுந்து பிஸ்கட் கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

அன்று மூடுபனியால் ரயில் ஆறு மணி நேரம் தாமதம். முன்னதாக ஒரு தொலைபேசி செய்து விசாரித்திருந்தால் நான் இந்த அவசரமே பட்டிருக்க வேண்டாம்.

என் அறியாமை செய்த வேலை

நடந்ததை டாக்டர் பிறகு விளக்கினார். பெட்ரோல் முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகும். எரிவதற்குப் போதிய காற்று இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அதிகமாக உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணை எரிக்காது, இருமல் வராது. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே காற்றில் கொஞ்சம் கலந்திருந்தாலும் உடம்புக்கு ஆக்ஸிஜன் கிடைக்காமல் போய்விடும். தலைவலி, வாந்தி, தலைச்சுற்றல், பிறகு மயக்கம். தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள்.

இதில் நான் செய்த தவறு ஒன்றல்ல, இரண்டு. அடைத்த இடத்தில் வண்டியை ஓட விட்டது ஒன்று. சோக்கை இழுத்தபடியே விட்டது மற்றொன்று. சோக் என்பது இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் மூடி. காற்றைக் குறைத்துப் பெட்ரோலை அதிகமாக்கினால் எரிதல் அரைகுறையாகும். நச்சு வாயு பெருகும். அதாவது, வண்டி கிளம்புவதற்கு உதவுகிற அதே ஏற்பாடுதான் என் வீட்டுக்குள் விஷத்தை அதிகமாகக் கொட்டியது.

வடநாட்டுக் குளிரில் கரி அங்கீட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கும் குடும்பங்களுக்கு நேரும் ஆபத்தும் இதுவே. ஊரிலிருந்து புதிதாக வரும் நம் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லி வையுங்கள்.

மிஸ்திரியிடம் பாடம்

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் மார்க்கெட்டில் இருந்த சர்தார்ஜி மிஸ்திரியிடம் போனேன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாபுஜி, வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் அதற்குத் தண்ணீர் காட்டுவதற்குப் பதில் அதை முழுக்காட்டிவிட்டீர்கள்" என்றார். அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதையும், பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

எந்தப் பெட்ரோல் இன்ஜினுக்கும் மூன்று பொருள்கள் வேண்டும். சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், தக்க நேரத்தில் தீப்பொறி, இவற்றை உள்ளே வைத்து நன்றாக அமுக்கும் சுழற்சி வேகம். குளிர் இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் தாக்குகிறது.

பெட்ரோல்: திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது கணக்கு. குளிரில் பெட்ரோலின் ஒரு பகுதிதான் ஆவியாகிறது. மீதி துளித்துளியாகக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் உள்ளே போகும் கலவை எரியும் அளவுக்கு இருப்பதில்லை. இதைச் சரிக்கட்டவே சோக். ஆனால் பலமுறை முயன்றும் கிளம்பாவிட்டால், ஆவியாகாத பெட்ரோல் உள்ளே சேர்ந்து ஸ்பார்க் பிளக்கை நனைத்துவிடும். நனைந்த பிளக்கில் பொறி வராது. வேலை செய்வதாக நினைத்து நாம் உதைக்கும் ஒவ்வொரு உதையும் அதை மேலும் நனைக்கும். என் நாற்பது உதைகளின் பலன் இதுதான். வராந்தாவில் அரை மணி சும்மா நின்றபோது அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் போனது. அதனால்தான் வண்டி கிளம்பியது. வராந்தாவின் கதகதப்பு கிளப்பியது என்று நான் எண்ணியது தவறு. வெளியிலேயே அரை மணி விட்டிருந்தாலும் அநேகமாகக் கிளம்பியிருக்கும்.

எண்ணெய்: நெய் குளிரில் உறைவதை நம் சமையலறையில் தினமும் பார்க்கிறோம். இன்ஜின் ஆயில் அப்படி உறையாவிட்டாலும் பாகு போலக் கெட்டியாகும். பிஸ்டனையும் கிராங்கையும் சுழற்ற அதிக பலம் வேண்டியிருக்கும். ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-40, 10டபிள்யூ-30 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டபிள்யூ என்பது வின்டர், அதாவது குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னால் உள்ள எண் எவ்வளவு குறைவோ, குளிரில் அந்த ஆயில் அவ்வளவு இளக்கமாக ஓடும். ஆனாலும் நாமாக மாற்றிவிடக் கூடாது. வண்டியோடு கொடுத்த கையேட்டில் அனுமதித்திருக்கும் அளவையே வாங்க வேண்டும். இன்னொன்று, காருக்கான ஆயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் கிளட்சும் அதே ஆயிலில்தான் நனைந்திருக்கிறது; கார் ஆயிலில் உள்ள வழுவழுப்புப் பொருள்களால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் 'ஜாஸோ எம்.ஏ.' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரி: பேட்டரிக்குள் நடப்பது இரசாயன மாற்றம். குளிரில் அது மந்தமாகும். கோடையில் முழு பலம் கொடுத்த பேட்டரி, பூஜ்ய டிகிரியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு திறனை இழக்கும். அதே நேரத்தில் கெட்டியான ஆயிலைச் சுழற்ற அதிக மின்சாரம் வேண்டும். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் போல ஆகிவிடும். நன்றாக சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடாதபோது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது என்று பொருள். குளிர்காலம் தொடங்குமுன் நவம்பரிலேயே மிஸ்திரியிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்வது நல்லது.

மூடுபனியில் நின்றுபோகும் வண்டி

தில்லியில் பல அன்பர்கள் சொல்லும் இன்னொரு புகார் உண்டு. வண்டி காலையில் கிளம்பிவிடும். மூடுபனிக்குள் பத்து நிமிடம் ஓடும். திடீரென்று வேகம் குறைந்து நின்றுவிடும். மிஸ்திரியைத் தேடித் தள்ளிக்கொண்டு போனால், அவர் தொட்டதும் கிளம்பும். மிஸ்திரி கைராசிக்காரர் என்று நாமும் ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு வருவோம்.

இது கைராசி அல்ல. ஊசி போடுமுன் நர்ஸ் தோலில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கிறதல்லவா? ஆவியாகும் திரவம் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போதும் இதுவே நடக்கிறது. வெளியே 5 டிகிரி இருந்தாலும் கார்புரேட்டரின் உட்புறம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். மூடுபனியில் காற்று முழுவதும் ஈரம். அந்த ஈரம் உள்ளே பனிக்கட்டியாகப் படிந்து வழியை அடைக்கும். வண்டி நின்றதும் இன்ஜினின் சூடு மேலேறிப் பனிக்கட்டியைக் கரைத்துவிடும். ஆகவேதான் பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் கிளம்புகிறது. கடுங்குளிரில் காற்று வறண்டிருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. 0 முதல் 10 டிகிரி வரையுள்ள ஈரக் குளிரில்தான் அதிகம். இப்படி நின்றால் பயப்படாமல் வண்டியைச் சாலை ஓரமாக, விளக்கெரிய, பின்னால் வரும் லாரி கண்ணில் படும்படி நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். வண்டியின் அருகில் நிற்காமல் நடைபாதையில் தள்ளி நில்லுங்கள். மூடுபனியில் இன்ஜின் கோளாறை விட, பின்னால் வரும் வண்டிதான் ஆபத்து.

சிம்லாவில் இரண்டு குளிர்காலங்கள்

2010-இல் என்னைச் சிம்லாவுக்கு மாற்றினார்கள். அதே வண்டியையும் கொண்டு போனேன். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. அங்கே காற்றின் அடர்த்தியே சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தில்லிக்கென்று அமைத்த கார்புரேட்டர் அங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுத்துக் கறுப்புப் புகை தள்ளியது. உள்ளூர் மிஸ்திரி அதைத் திருத்திக் கொடுத்தார். சோக்கையும் தில்லியில் போல முழுவதும் நெடுநேரம் இழுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் ஜனவரியில் விடுமுறைக்குத் தில்லி வந்துவிட்டு இரண்டு வாரம் கழித்துத் திரும்பினேன். இடையில் பனி பெய்திருந்தது. காலையில் வண்டியை உதைத்தால் சிமெண்ட் போட்டு வைத்தது போல் இருந்தது. பழைய ஆளாக இருந்தால் நாற்பது உதை உதைத்திருப்பேன். இப்போது சர்தார்ஜி சொல்லிக் கொடுத்த வரிசைப்படி பார்த்தேன். சாவியை அணைத்தபடியே கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட்டேன். மெதுவாக ஐந்தாறு முறை மிதித்து ஆயிலை இளக்கினேன். பிறகு சாவி போட்டு முயன்றேன், கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்; காய்ந்து கிடந்தது. நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

ஏன் வரவில்லை? கால் டேங்க் பெட்ரோலோடு வண்டியை விட்டுவிட்டுப் போயிருந்தேன். மீதி முக்கால் டேங்கில் இருந்த காற்றின் ஈரம் குளிரில் டேங்கின் உட்சுவரில் வியர்த்து நீராக இறங்கியிருந்தது. பெட்ரோலை விட நீர் கனமானது. அடியில் தங்கிக் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துக்கு இறங்கி, அங்கே உறைந்திருந்தது. நம் ஊர்க் குளிரில் பெட்ரோல் உறையாது. அதில் கலந்த நீர்தான் உறையும்.

வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைச் சுற்றி நாலைந்து முறை வைத்து எடுத்தேன். அடியில் உள்ள சிறு திருகாணியைத் தளர்த்தி, சிறிது பெட்ரோலை ஒரு மூடியில் பிடித்தேன். அடியில் முத்து முத்தாக நீர் நின்றது. திருகாணியை மூடிவிட்டு மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. கொதிக்கும் நீரை நேரே ஊற்றக் கூடாது; குளிர்ந்த உலோகம் விரிசல் விடலாம். பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் இருக்கக் கூடாது.

மலைச்சாலைகளில் சில லாரிக்காரர்கள் டீசல் டேங்குக்கு அடியில் தீ மூட்டிக் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறேன். குளிரில் டீசல் மெழுகு போலத் திரைந்துவிடும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். அதுவே ஆபத்தான காரியம். பெட்ரோல் வண்டியில் அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். சக ஊழியர் ஒருவர், "ராத்திரி வண்டியை வீட்டு ஷெட்டுக்குள் விட்டுப் பக்கத்தில் அங்கீட்டி வையுங்கள், காலையில் ஜம்மென்று கிளம்பும்" என்று நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். என் மனைவி முகத்தைப் பார்த்ததும் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

புதிய வண்டிகளுக்கு என்ன செய்வது?

2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு விற்பனையாகும் வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை, சோக்கும் இல்லை. இன்ஜினின் சூட்டை ஓர் உணர்கருவி அளந்து சொல்ல, சிறு கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. இவற்றில் சாவியைத் திருப்பியதும் 'உம்ம்' என்று இரண்டு மூன்று விநாடி ஒரு ஓசை கேட்கும். அது பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றும் ஓசை. அது நின்ற பிறகே பட்டனை அழுத்த வேண்டும். ஆக்ஸிலேட்டரை முறுக்கவே வேண்டாம். பழைய பழக்கத்தில் முறுக்கினால் கம்ப்யூட்டரின் கணக்கைக் கெடுக்கிறோம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்த வண்டிகளில் பம்பு, கம்ப்யூட்டர் எல்லாம் பேட்டரியை நம்பியிருக்கின்றன. பல வண்டிகளில் உதைக்கும் கம்பியே கிடையாது. பேட்டரி முழுவதும் தீர்ந்துபோனால் தள்ளிக் கிளப்புவதும் கஷ்டம். ஆகவே பழைய வண்டிக்குப் பிளக்கைப் பார்ப்பது போல, புதிய வண்டிக்குப் பேட்டரியைப் பாருங்கள்.

இப்போது நிலையங்களில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலை விட அதிக வெப்பம் வேண்டும், ஈரத்தையும் உறிஞ்சும். நீர் அளவுக்கு மீறினால் எத்தனாலும் நீருமாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். ஊருக்குப் போகுமுன் டேங்கை நிரப்பி வைத்துவிட்டுப் போனால் ஈரத்துக்கு உள்ளே இடம் இராது. மாதக்கணக்கில் வண்டியைப் போட்டு வைக்காமல், வாரத்துக்கு ஒருமுறை யாரையாவது அரை மணி ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓட விடுவதால் பயனில்லை. பேட்டரியும் நிறையாது, ஆயிலில் சேரும் ஈரமும் போகாது.

காலையில் கடைப்பிடிக்க வேண்டிய வரிசை

1. இரவே வண்டியை உறையிட்டு மூடி, காலை வெயில் முதலில் படும் கிழக்குப் பக்கமாக நிறுத்துங்கள்.

2. காலையில் வண்டியைத் திறந்தவெளிக்குக் கொண்டு வந்த பிறகே கிளப்புங்கள். வராந்தா, மாடிப்படிக்கு அடியில் உள்ள இடம், அடைத்த ஷெட் எதிலும் ஒரு நிமிடம்கூட ஓட விடாதீர்கள். சைலன்சர் யார் வீட்டு ஜன்னலையும் பார்த்திருக்க வேண்டாம்.

3. கிளட்சை நாலைந்து முறை பிடித்து விடுங்கள். குளிரில் ஒட்டிக்கொண்ட தகடுகள் பிரியும். முதல் கியர் போடும்போது வண்டி துள்ளாது.

4. பழைய வண்டியானால் சாவி போடாமல் மெதுவாக ஐந்தாறு முறை உதைத்து ஆயிலை இளக்குங்கள். பிறகு சோக்கை இழுத்து, சாவி போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் உதையுங்கள்.

5. செல்ஃப் பட்டனை ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். அடுத்த முயற்சிக்கு முன் பத்துப் பதினைந்து விநாடி இடைவெளி கொடுங்கள். பேட்டரிக்கும் மூச்சு வாங்க வேண்டும்.

6. ஐந்தாறு முயற்சியில் கிளம்பாவிட்டால் நிறுத்துங்கள். பெட்ரோல் வாடை பலமாக வந்தால் பிளக் நனைந்திருக்கிறது. பெட்ரோல் குழாயை மூடி, சோக்கைத் தள்ளி, சாவியை அணைத்து, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்தபடி எட்டுப் பத்து முறை உதையுங்கள். உள்ளே தேங்கியது வெளியேறும். பத்து நிமிடம் விட்டு, குழாயைத் திறந்து, சோக் இல்லாமல் முயலுங்கள்.

7. கிளம்பியதும் உறுமச் செய்யாதீர்கள். ஆயில் மேலே ஏறுவதற்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். ஓட்டம் சீரானதும் சோக்கை மறக்காமல் தள்ளிவிட்டு, முதல் இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள்.

8. சைலன்சரிலிருந்து வெள்ளையாக வருவது நீராவி, சூடானதும் நின்றுவிடும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. தில்லிப் புழுதிக்கு வடிகட்டியை அடிக்கடி பார்ப்பது நல்லது.

9. டயரில் காற்றைப் பாருங்கள். 30 டிகிரியில் அடைத்த காற்று, 5 டிகிரியில் மூன்று நான்கு பவுண்டு குறைந்து காட்டும்.

10. எல்லாம் செய்தும் கிளம்பாவிட்டால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவிலோ மெட்ரோவிலோ போங்கள். வெயில் ஏறியதும் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பத்தாவது விதியை மிஸ்திரி சொல்லவில்லை, நானாகச் சேர்த்தது. அன்று ஐந்தரை மணிக்கு நான் ஓர் ஆட்டோ பிடித்திருந்தால், மிஞ்சிப் போனால் நூறு ரூபாய் செலவாகியிருக்கும்.

என் மாமனார் அன்று மாலை வீட்டுக்கு வந்து, பேத்தியின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "அப்பா வண்டியை வீட்டுக்குள்ள ஓட்டினாரு தாத்தா" என்றாள் அவள். அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய் வராந்தா ஜன்னல் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மகள் இப்போது புணேயில் வேலை பார்க்கிறாள். அவளிடமும் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. டிசம்பர் பிறந்தால் நான் தொலைபேசியில் முதலில் கேட்பது, "வண்டியை எங்கேம்மா நிறுத்துறே?" என்பதுதான். "வெளியிலதாம்பா" என்று அவளும் சிரித்துக்கொண்டே சொல்வாள். அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இந்த ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்.